நினைவுத்தூண் யாருக்குச் சொந்தம்? பெருங்காமநல்லூரில் இருந்து ஒரு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில வேலை பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. காலையில கம்பெனி கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் பல பேருக்கு முதல் வேலை, மெஷின்ல விரல் வைக்கிறது. ரேஷன் கடைக்குப் போனா விரல். ஆதார் எடுக்கணும்னா பத்து விரலும். மெஷின் "மறுபடியும் வைங்க"ன்னு சொன்னா சலிச்சுக்கிட்டே துடைச்சிட்டு வைக்கிறோம். அதுக்கு மேல நாம அதைப் பத்தி யோசிக்கிறது இல்ல.

இதே கப்பலூர்ல இருந்து திருமங்கலம் போய், அங்கிருந்து மேற்கே சேடபட்டி பக்கமா போனா பெருங்காமநல்லூர்னு ஒரு ஊர் வரும். சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான். 1920 ஏப்ரல் 3 அன்னைக்கு அந்த ஊர் மக்கள், "ரேகை கொடுக்க மாட்டோம்"னு சொன்னாங்க. போலீஸ் துப்பாக்கியால சுட்டது. 16 பேர் செத்துப்போனாங்க.

இன்னைக்கு அந்த ஊர்ல ஒரு நினைவுத்தூண் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 3 அன்னைக்குக் கட்சிகள் வரும், சமுதாய அமைப்புகள் வரும், மாலை விழும், போஸ்டர் ஒட்டுவாங்க. அரசு மணிமண்டபம் வேணும்ங்கிற கோரிக்கையும் பல வருஷமா இருக்கு.

இன்னைக்கு எபிசோடோட கேள்வி இதுதான். செத்தவங்களை எப்படி நினைவுகூரணும்னு யார் முடிவு பண்றது? அவங்க குடும்பமா, அவங்க சாதியா, கட்சியா, அரசாங்கமா? இல்ல, அந்த ஊருக்கே சம்பந்தம் இல்லாத உங்களுக்கும் எனக்கும் அதுல ஏதாவது பங்கு இருக்கா?

முதல்ல, என்ன நடந்தது?

குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1871ல பிரிட்டிஷ் அரசு முதல்ல வட இந்தியாவுல கொண்டுவந்தது. 1911ல புதுச் சட்டமா மாத்தி, சென்னை மாகாணத்துக்கும் நீட்டினாங்க. சட்டத்தோட சாரம் ரொம்ப எளிமையானது. ஒருத்தர் குற்றம் செஞ்சாரான்னு பார்க்க வேண்டியதில்லை. எந்தச் சமூகத்துல பிறந்தார்னு பார்த்தாலே போதும். ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரைன்னு அறிவிச்சுட்டா, அதுல இருக்கிறவங்களைப் பதிவு செய்யலாம், விரல் ரேகை எடுக்கலாம். அவங்க எப்ப எங்க இருக்காங்கன்னு தகவல் கொடுத்துக்கிட்டே இருக்கணும், ஊரை விட்டு வெளிய போக அனுமதிச் சீட்டு வாங்கணும்னு கட்டளை போடலாம். ராத்திரிச் சீட்டுங்கிற வார்த்தை மதுரைப் பக்கத்துப் பெரியவங்க பேச்சுல இன்னும் இருக்கு. அது இந்தக் காலத்து வார்த்தைதான்.

மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளர் சமூகத்து மேல இந்தச் சட்டம் படிப்படியா வந்தது. கீழக்குயில்குடியில தொடங்கி ஊர் ஊரா பதிவு நடந்தது. பெருங்காமநல்லூர்ல மக்கள் மறுத்தாங்க. "நாங்க விவசாயம் பண்றவங்க, எங்களை எதுக்குக் குற்றவாளிப் பட்டியல்ல சேர்க்கிறீங்க?"ங்கிறதுதான் அவங்க நிலைப்பாடு.

செத்த 16 பேர்ல ஒருத்தர் பெண். மாயக்காள். குண்டடி பட்டுக் கிடந்தவங்களுக்குத் தண்ணி கொடுக்கப் போனாங்கன்னுதான் அந்தப் பக்கத்துல அவங்களைப் பத்திச் சொல்றாங்க.

சென்னை மாகாணத்துல இந்தச் சட்டம் 1947ல ரத்தாச்சு. நாடு முழுக்க ரத்தானது 1952 ஆகஸ்ட் 31. கவனிங்க, சுதந்திரம் கிடைச்ச பிறகும் இந்தியாவோட பல பகுதிகள்ல அஞ்சு வருஷம் பிறப்பாலேயே குற்றவாளிகள் இருந்தாங்க.

ஒரு வார்த்தை யோட கனம்

நினைவுச்சின்னம்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கல், தூண், சிலை. ஆனா சண்டை பெரும்பாலும் வார்த்தையிலதான் ஆரம்பிக்கும்.

இந்த 16 பேரை என்னன்னு கூப்பிடுறது? "பலியானவர்கள்"னு சொன்னா, அவங்க எதிர்த்து நின்னது காணாமப் போயிடும். ஏதோ விபத்துல செத்த மாதிரி ஆயிடும். "வீரர்கள்"னு சொன்னா எதிர்ப்பு தெரியும், ஆனா மாயக்காள் எங்க நிக்கிறாங்க? அவங்க கையில ஆயுதமா இருந்தது? "சுதந்திரப் போராட்டத் தியாகிகள்"னு சொன்னா அரசு அங்கீகாரம் கேக்க வசதி. ஆனா அவங்க எதிர்த்தது தங்களைக் குற்றவாளின்னு முத்திரை குத்தின ஒரு குறிப்பிட்ட சட்டத்தை. அந்த விஷயம் பொதுவான தேசபக்திக் கதைக்குள்ள கரைஞ்சிடக்கூடாது.

"தென்னாட்டு ஜாலியன்வாலாபாக்"னு ஒரு பேரும் புழக்கத்துல இருக்கு. ஜாலியன்வாலாபாக் நடந்தது 1919 ஏப்ரல் 13. இது நடந்தது அதுக்கு ஒரு வருஷம் கூட ஆகல. அந்த ஒப்பீடு தெரியாதவங்களுக்குப் புரியவைக்க உதவும். அதே சமயம், நம்ம ஊர்ல நடந்ததுக்கு ஒரு வடக்கத்தி ஊர் பேரைச் சொன்னாத்தான் மதிப்பு வருமான்னு ஒரு கேள்வியும் வருது.

ஆக, கல்லுல நாலு வார்த்தை எழுதுறவர், நூறு வருஷத்துக்கு அந்தச் சாவோட அர்த்தத்தை எழுதுறார். அதனாலதான் யார் எழுதுறாங்கங்கிறது முக்கியம்.

உரிமை கேக்குறவங்க யார் யார்?

ஒவ்வொருத்தரா பார்ப்போம். எல்லார் பக்கமும் நியாயம் இருக்கு, எல்லார் பக்கமும் ஒரு சிக்கலும் இருக்கு.

முதல்ல கட்சி. கீழ்வெண்மணிக்குப் போவோம். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள்னு 44 பேர் ஒரு குடிசைக்குள்ள வெச்சு எரிக்கப்பட்டாங்க. அந்த மக்களோட அப்ப நின்னது மார்க்சிஸ்ட் கட்சியும் செங்கொடிச் சங்கமும். அதனால அங்க நினைவுச்சின்னம் கட்டினதும், வருஷா வருஷம் டிசம்பர் 25 அன்னைக்கு அஞ்சலி நடத்துறதும் அவங்கதான். "கட்சிக்கு என்ன உரிமை?"ன்னு இங்க சுலபமா கேட்டுட முடியாது. யாரும் திரும்பிப் பார்க்காதப்ப கூட நின்னவங்களுக்கு ஒரு உரிமை வந்துடுது. ஆனா காலம் போகப் போக, செத்தவங்க தலித் மக்கள்ங்கிறதை எவ்வளவு அழுத்திச் சொல்றது, கூலிப் போராட்டம்ங்கிறதை எவ்வளவு அழுத்திச் சொல்றதுன்னு விவாதம் வந்தது. இன்னும் நடக்குது. ஒரு தரப்பு மட்டும் சின்னத்தை வெச்சிருந்தா அந்த விவாதம் சின்னத்துக்கு வெளியேதான் நடக்கும்.

அடுத்து அரசாங்கம். ஜாலியன்வாலாபாக்கை நிர்வகிக்க 1951லயே நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அறக்கட்டளை அமைச்சது. பணத்துக்குப் பஞ்சமில்லை, பராமரிப்பு உண்டு. 2021 ஆகஸ்ட்ல அதைப் புதுப்பிச்சுத் திறந்தாங்க. டயரோட சிப்பாய்கள் உள்ள நுழைஞ்ச அந்தக் குறுகலான சந்து இருக்கே, அதோட வெறும் செங்கல் சுவர்கள்தான் பல பேருக்கு மறக்க முடியாத அனுபவமா இருந்தது. உள்ள போறவங்களுக்கு மூச்சு முட்டும். புதுப்பிச்சப்ப அந்தச் சுவர்கள்ல மனித உருவச் சிற்பங்களைப் பதிச்சாங்க. ஒலி ஒளிக் காட்சியும் வந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் பல பேர் கோவப்பட்டாங்க, "இது அஞ்சலியா, சுற்றுலாத் தலமா?"ன்னு. இதுல கெட்ட நோக்கம் இருந்ததுன்னு சொல்ல வேண்டியதே இல்ல. டெண்டர் விட்டு, கான்ட்ராக்ட் கொடுத்து, திறப்பு விழா தேதி குறிச்சு வேலை நடக்கும்போது, எதைத் தொடக்கூடாதுன்னு சொல்ற ஆளுக்கு அந்த மேஜையில இடம் இருந்துச்சாங்கிறதுதான் கேள்வி.

அரசாங்கமே அனுமதிக்காத இடமும் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8 ராத்திரி இடிச்சாங்க. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தாங்க. மூணே நாள்ல துணைவேந்தரே வந்து மறுபடி அடிக்கல் நாட்டினார். அந்த வருஷம் ஏப்ரல்ல புதுத் தூபி எழுந்தது. எளிமையான ஒரு தூபி. ஆனா அதை இடிச்சா சும்மா இருக்க முடியாதுன்னு ஒரு தலைமுறை முடிவு பண்ணுச்சு.

"ஊரே சேர்ந்து முடிவு பண்ணட்டும்"

இது கேக்க நல்லா இருக்கு. ஜனநாயகம் மாதிரி இருக்கு. ஆனா மதுரை மாவட்டத்துலயே இதுக்கு ஒரு பதில் இருக்கு. மேலவளவு.

1996ல மேலூர் பக்கம் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்னைக்கு, மதுரை கலெக்டர் அலுவலகம் போயிட்டு பஸ்ல திரும்பி வந்தப்ப, அவரையும் கூட இருந்தவங்களையும் வெட்டிக் கொன்னாங்க. அவர் தலைவரா இருக்கிறதைப் பொறுக்க முடியாதவங்க செஞ்ச கொலை அது. அங்கயும் நினைவிடம் இருக்கு, ஜூன் 30 அன்னைக்கு அஞ்சலி நடக்குது.

இப்ப யோசிங்க. அந்த ஊர்ல வாக்கெடுப்பு வெச்சு நினைவிடம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணலாமா? எண்ணிக்கையில அதிகமா இருக்கிறவங்க வேண்டாம்னு சொன்னா வேண்டாமா? முடியாது. யாருக்கு எதிரா கொடுமை நடந்ததோ, அவங்க நினைவைப் பெரும்பான்மை கையில கொடுக்க முடியாது. அரசாங்கம் கையில முழுசா கொடுக்கலாமான்னா, அந்த வழக்குல ஆயுள் தண்டனை பெற்று மீதி இருந்த 13 பேரை 2019ல முன்கூட்டியே விடுதலை செஞ்சதும் அரசாங்கம்தான்.

அப்ப குடும்பம்தானே முடிவு பண்ணணும்?

பல பேருக்கு மனசுல தோணுற பதில் இதுதான். எனக்கும் அதுதான் முதல்ல தோணுச்சு. ஆனா இதுலயும் சிக்கல் உண்டு. ஜெர்மனியில இருந்து ஒரு உதாரணம்.

குன்டர் டெம்னிக்னு ஒரு கலைஞர். நாஜிகள் கொன்னவங்க கடைசியா வாழ்ந்த வீட்டு வாசல்ல, நடைபாதையில உள்ளங்கை அளவு பித்தளைக் கல் பதிப்பார். அதுல பேரு, பிறந்த வருஷம், அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு இருக்கும். ஐரோப்பா முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல பதிச்சாச்சு. ஆனா மியூனிக் நகரத்துல பொது நடைபாதையில இதுக்கு அனுமதி இல்ல. காரணம், அந்த ஊர் யூத சமூகத் தலைவரே எதிர்த்தாங்க. செத்தவங்க பேரை ஜனங்க மிதிச்சுக்கிட்டுப் போறது அவமானம்னு அவங்க வாதம். அதே ஊர்ல செத்த சிலரோட பிள்ளைகள், "எங்க அப்பா அம்மா பேர்ல கல் வேணும்"னு கேட்டாங்க. 2015ல நகர சபை தடையை உறுதி செஞ்சது.

பாருங்க, ரெண்டு பக்கமும் பாதிக்கப்பட்டவங்கதான். ஒருத்தர் சமூகத்துக்காகப் பேசுறார், இன்னொருத்தர் தன் குடும்பத்துக்காகப் பேசுறார். "பாதிக்கப்பட்டவங்க சொல்றதைக் கேளுங்க"ன்னா, யார் சொல்றதை?

பெருங்காமநல்லூருக்கு இது நேரடியாப் பொருந்தும். நூறு வருஷம் தாண்டியாச்சு. 16 பேரோட வாரிசுகள்னா இன்னைக்கு எத்தனை வீடு! சில வீட்டுக்காரங்க ஊர்லயே இருப்பாங்க. சில பேர் திருப்பூர், சென்னைன்னு போயிருப்பாங்க. மேடையில மைக் பிடிக்கிறவர் அந்தச் சமுதாயத்தைச் சேர்ந்தவரா இருக்கலாம், ஆனா அந்த 16 குடும்பத்துல ஒருத்தரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. "எங்க சமுதாயத்துத் தியாகி"ங்கிறதுக்கும் "எங்க அப்பத்தா"ங்கிறதுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு.

முடிவு ஒண்ணு இல்ல, நாலு

நாம தப்பு பண்றது எங்கன்னா, "யார் முடிவு பண்றது?"ன்னு ஒரே கேள்வியா கேக்குறோம். உண்மையில அதுக்குள்ள நாலு கேள்வி இருக்கு. நாலுக்கும் ஒரே ஆள் பதில் சொல்லணும்னு இல்ல.

ஒண்ணு, பேரு. யார் பேர் இருக்கணும், எப்படி எழுதணும், எந்த உருவத்துல காட்டணும். இதுல கடைசி வார்த்தை குடும்பத்துக்கு. நியூயார்க்ல 2011ல திறந்த செப்டம்பர் 11 நினைவிடத்துல 2,983 பேர் இருக்கு. அகர வரிசையில இல்ல. யார் பக்கத்துல யார் பேர் இருக்கணும்னு குடும்பங்களைக் கேட்டாங்க. ஒண்ணா வேலை பார்த்தவங்க, அண்ணன் தம்பி, நண்பர்கள் பேரெல்லாம் பக்கத்து பக்கத்துல வந்தது. அதே சமயம் தீயணைப்பு வீரர்கள் தரப்புல பேரோட பதவியையும் போடணும்னு கேட்டாங்க. அதுக்கு நிர்வாகம் ஒத்துக்கல, அவங்களைப் படைப்பிரிவு வாரியா சேர்த்து வெச்சாங்க. அதாவது பேர் விஷயத்துல குடும்பத்தைக் கேட்டாங்க, ஆனா எல்லாருக்கும் பொதுவா ஒரு விதியும் வெச்சாங்க.

ரெண்டு, உண்மை. என்ன தேதி, எத்தனை பேர், எந்தச் சட்டம், யார் உத்தரவு. இதுல குடும்பத்துக்கும் அதிகாரம் இல்ல, கட்சிக்கும் இல்ல. ஆவணமும், ஊர்ப் பெரியவங்க வாய்மொழியும் வெச்சு ஆய்வாளர்கள் சொல்லணும். ஊர் சொல்றதும் ஆவணம் சொல்றதும் மாறுபட்டா, ரெண்டையும் எழுதி வெக்கலாம். ஒண்ணை மறைக்க வேண்டியதில்ல.

மூணு, அர்த்தம். இந்தச் சாவு நமக்கு என்ன சொல்லுது? இதுதான் எல்லாருக்கும் பொதுவானது. ஏன்னா இந்தச் சட்டம் ஒரு சாதி மேல மட்டும் பாயல. இந்தியா முழுக்க எத்தனையோ சமூகங்களை இது பட்டியல் போட்டது. சென்னை மாகாணத்துல குறவர்கள் மேலயும் வந்தது. இன்னைக்கு ஆந்திராவுல இருக்கிற ஸ்டூவர்ட்புரம், எருகுலா மக்களைக் கொண்டுபோய்க் குடிவெச்ச ஊர். ஆகஸ்ட் 31ஐ வட இந்தியாவுல பல சமூகங்கள் விடுதலை நாளா கொண்டாடுறாங்க. பெருங்காமநல்லூருக்கு வர்ற ஒரு குறவர் சமூகத்துப் பையனுக்கு, "இது என் கதையும்தான்"னு தோணணும்.

நாலாவது, இடத்தை யார் பார்த்துக்கிறது, யார் வரலாம்ங்கிறது. இதுக்குப் பணம் அரசு கொடுக்கணும். ஆனா பணம் கொடுத்தவர் பேரு, திறந்து வெச்சவர் பேரு செத்தவங்க பேரை விடப் பெரிய எழுத்துல இருக்கக்கூடாது. நம்ம ஊர்க் கல்வெட்டுகளைப் பார்த்தவங்களுக்கு இது ஏன் சொல்றேன்னு புரியும்.

ஒரு எதிர்வாதம்

இப்ப ஒருத்தர் கேக்கலாம். "எங்க ஆளுங்க செத்தப்ப யாரும் வரல. நூறு வருஷம் நாங்கதான் இந்த நினைவைத் தூக்கிச் சுமந்தோம். இப்ப வந்து இது எல்லாருக்கும் பொதுன்னா என்ன அர்த்தம்? பொதுன்னு சொல்லிச் சொல்லியே எங்க பேரை அழிச்சிடுவீங்க."

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்ல. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் விஷயத்தைப் பாருங்க. குற்றப் பரம்பரைச் சட்ட காலத்துல தொடங்கின பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்கள்ல இன்னும் இயங்குது. பள்ளிகள்ல சாதி வன்முறையைத் தடுக்க என்ன செய்யலாம்னு ஆராய்ஞ்ச நீதிபதி சந்துரு குழு, 2024ல கொடுத்த அறிக்கையில, பள்ளிப் பேர்ல சாதி கூடாதுன்னு பரிந்துரைச்சது. நோக்கம் நல்லது. நாங்குநேரி மாதிரி சம்பவத்துக்குப் பிறகு வந்த பரிந்துரை அது. ஆனா, "இந்தப் பேரு சாதிப் பெருமை இல்ல, எங்க மேல நடந்த அநியாயத்துக்குச் சாட்சி"ன்னு அந்தப் பக்கத்துல எதிர்ப்பு வந்தது. ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு.

என் பதில் இதுதான். பேரை எடுக்க வேண்டாம். யார் மேல சட்டம் பாய்ஞ்சதுன்னு தெளிவா எழுதணும். "சில மக்கள்"னு மழுப்பினா அதுவும் ஒரு பொய். ஆனா அந்தப் பேர் அங்க இருக்கிறது, அநியாயம் யாருக்கு நடந்ததுன்னு சொல்லத்தான். இன்னொரு சாதிக்கு மேல நாங்கன்னு சொல்றதுக்கு அந்த மேடையைப் பயன்படுத்தினா, பிறப்பை வெச்சு மனுஷனை எடை போட்ட அதே சட்டத்தோட தர்க்கத்துக்கே திரும்பப் போறோம்.

இதுக்கு அந்தச் சமூகமே ஒரு வழி காட்டியிருக்கு. ஜார்ஜ் ஜோசப் ஞாபகம் இருக்கா? செங்கன்னூர்ல பிறந்த மலையாளி, கிறிஸ்தவர், மதுரையில வழக்கறிஞர். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு எதிரா இந்த மக்களுக்காக வாதாடினார். அவரை மக்கள் "ரோசாப்பூ துரை"ன்னு கூப்பிட்டாங்க. பிள்ளைகளுக்கு ரோசாப்பூன்னு பேர் வெச்ச குடும்பங்கள் உண்டு. யார் நம்ம ஆளுங்கிறதை அந்த மக்கள் பிறப்பை வெச்சுத் தீர்மானிக்கல. நினைவிடம் அதை விடச் சின்ன மனசோட இருக்க வேண்டியதில்ல.

கடைசியா

2020 ஏப்ரல் 3, நூற்றாண்டு நாள். அன்னைக்கு நாடே ஊரடங்குல இருந்துச்சு. பெரிய கூட்டம் கூட வாய்ப்பில்லாமப் போச்சு. சில சமயம் நான் யோசிப்பேன், மைக்கும் ஃப்ளெக்ஸும் இல்லாத அந்த ஒரு வருஷம் அந்தத் தூண் முன்னாடி யாராவது ஒரு குடும்பத்துக்காரர் தனியாப் போய் நின்னிருந்தா, அவர் என்ன நினைச்சிருப்பார்னு.

மணிமண்டபம் எப்படி அமைஞ்சாலும், அங்க இருக்க வேண்டியதுன்னு எனக்குத் தோணுறது மூணு. 16 பேரோட பேரும், எல்லாம் ஒரே அளவு எழுத்துல, மாயக்காள் பேரும் அதுல. அந்தச் சட்டம் என்ன சொன்னதுன்னு ஒரு பத்தாவது படிக்கிற பிள்ளைக்குப் புரியிற தமிழ்ல ஒரு பக்கம். அப்புறம் இந்த முடிவெல்லாம் எடுக்கிற குழுவுல அந்தக் குடும்பங்கள்ல இருந்து ஆட்கள், அதுல பெண்களும். மாலை போட வரும்போது கூப்பிடுற விருந்தாளியா இல்லாம, வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ற உரிமையோட.

நாளைக்கு வேலைக்குப் போய் மெஷின்ல விரல் வைக்கும்போது ஒரு நொடி யோசிங்க. அது "நான் வந்துட்டேன்"னு சொல்ற ரேகை. அவங்ககிட்ட கேட்டது "நான் பிறந்ததே குத்தம்"னு ஒத்துக்கிற ரேகை. முடியாதுன்னு சொல்லிட்டாங்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒரு தூண் இருக்கலாம். அடுத்த தடவை அதைத் தாண்டிப் போகும்போது நின்னு, செத்தவங்க பேர் எந்த அளவு எழுத்துல இருக்கு, திறந்து வெச்சவர் பேர் எந்த அளவு எழுத்துல இருக்குன்னு மட்டும் பாருங்க. எங்களுக்கும் எழுதுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.